கோணிச்சாக்கும் சமபந்தியும்

மராட்டிய மண்ணில் சாத்தாரா என்றொரு ஊர். 1900ஆம் ஆண்டு வாக்கில் அங்கே பள்ளிக்கூடம் போய்வந்த ஒரு சிறுவன், புத்தகங்களோடு ஒரு கோணிச்சாக்குத் துண்டையும் தினமும் சுமந்து போனான். வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு அவன் உட்காரக்கூடாது. மூலையில் அந்தச் சாக்கை விரித்து அதன்மேல் உட்கார வேண்டும். பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் ஆள்கூட அந்தச் சாக்கைத் தொடமாட்டார் என்பதால், மாலையில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போய், மறுநாள் காலை திரும்பக் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொட முடியாது. பள்ளிப் பணியாள் வந்து திறந்துவிட்டால் குடிக்கலாம், அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. பின்னாளில் இந்தியாவின் அரசியல் சட்டத்தை வடித்த அம்பேத்கரே அந்தச் சிறுவன். இந்த நினைவுகளை அவர் தம் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். அவற்றைப் படித்து, அவருக்கு நேர்ந்த அவமானத்துக்காக நாம் கலங்குகிறோம். கலங்க வேண்டியதுதான். ஆனால் அந்த வகுப்பில் இன்னும் பல பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை.

அந்தப் பிள்ளைகள் அன்றாடம் என்ன கற்றார்கள்? இன்னாரை வெறுக்க வேண்டும் என்று எந்த ஆசிரியரும் பாடம் நடத்தியிருக்கத் தேவையில்லை. மூலையில் கிடந்த சாக்கே அந்தப் பாடத்தை நடத்தியது. நம் ஊர்களில் வெறுப்பு பெரும்பாலும் சொல்லால் கற்பிக்கப்பட்டதல்ல. யார் எங்கே உட்காருவது, எந்தக் குடத்தில் குடிப்பது, யார் சமைத்ததைச் சாப்பிடுவது என்ற ஏற்பாட்டால் கற்பிக்கப்பட்டது. ஐந்து வயதில் உடம்பில் ஏறிய பாடத்தை இருபது வயதில் ஒரு சொற்பொழிவு இறக்கிவிடாது. ஆகவே இளையவர்களுக்கு வெறுப்பைக் கடக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர்களை நாம் போற்ற நினைத்தால், முதலில் தேட வேண்டியது மேடைகளில் அன்பைப் பேசியவர்களை அல்ல. சாக்கைச் சுருட்டி எறிந்து, பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்கார வைத்து, ஒரே பானைச் சோற்றைப் பரிமாறியவர்களையே தேட வேண்டும். அவர்களுடைய பள்ளிக்கூடம் பந்தி. அந்தப் பந்திக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கேரளத்தில் எர்ணாகுளத்துக்கு மேற்கே, கடலுக்கும் காயலுக்கும் நடுவில் நீளும் வைப்பின் தீவின் வடபகுதியில் இருக்கிறது செறாயி. 1917 மே 29 அன்று அந்த ஊரில் ஒரு விருந்து நடந்தது. பெரிய விருந்தல்ல, சோறும், கொண்டைக்கடலையும் பலாக்கொட்டையும் சேர்த்து வைத்த கறியும்தான். கூட்டியவர் பட்டப்படிப்பு முடித்த 27 வயது ஈழவ இளைஞர் அய்யப்பன். ஈழவர்களும், சாதி அடுக்கில் அவர்களுக்கும் கீழே நிறுத்தப்பட்டிருந்த புலையர்களும் கலந்து உட்கார்ந்தார்கள். புலையர் வகுப்புப் பிள்ளையின் கைபட்ட உணவை எல்லோரும் சாப்பிட்டார்கள். மிச்ரபோஜனம் என்று கேரளம் இன்றும் நினைவுகூரும் நிகழ்ச்சி இது. எதிர்ப்பு மேலடுக்கில் இருந்த நம்பூதிரிகளிடமிருந்தோ நாயர்களிடமிருந்தோ முதலில் வரவில்லை, சொந்தச் சாதியிலிருந்தே வந்தது. விருந்தில் கலந்துகொண்ட குடும்பங்களை ஊர்விலக்கம் செய்தார்கள். ‘புலையன் அய்யப்பன்’ என்று அவருக்கு வசைப்பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை அவர் பெருமையாக ஏற்றுக்கொண்டார். அவர் தொடங்கிய சங்கத்துக்கும் பத்திரிகைக்கும் வைத்த பெயரே அவருக்கு அடைமொழியாகி, சகோதரன் அய்யப்பன் என்று வரலாற்றில் நின்றது. அவருடைய குருவான நாராயண குரு, மதம், மொழி, உடை எதுவானாலும் மனிதர்கள் ஒன்றாக உண்பதிலும் மணம் செய்துகொள்வதிலும் தவறில்லை என்று 1921இல் செய்தி விடுத்து, சீடரின் பக்கம் நின்றார்.

செறாயி விருந்தின் முக்கியத்துவம் அது யாரிடம் எதைக் கேட்டது என்பதில் இருக்கிறது. ஈழவர்களே கோயிலுக்கும் பள்ளிக்கும் பொதுச்சாலைக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள்தான். தமக்கு மேலிருந்தவர்களின் வெறுப்பை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த ஒரு சமூகத்திடம், உனக்குக் கீழே நீ நிறுத்தி வைத்திருப்பவரை என்ன செய்யப் போகிறாய் என்று அய்யப்பன் கேட்டார். மேலே பார்த்து உரிமை கேட்பது துணிச்சல். கீழே பார்த்து இலையைப் பகிர்வது அதைவிடக் கடினமான துணிச்சல், ஏனென்றால் அங்கே இழக்கப் போவது தன்னுடைய உயர்வு. நம்முடைய சாதி அடுக்கு இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம், ஏறக்குறைய ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவரைக் காட்டியதுதான். வெறுப்பை ஒழிக்கும் கல்வி எதுவானாலும் அது இந்த இடத்தில் தொடங்காவிட்டால் வெறும் புகாராகவே நின்றுவிடும்.

ஏழே ஆண்டுகளில் இதே கேள்வி தமிழ்நாட்டின் கதவைத் தட்டியது. தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு தமிழ்க் குருகுலம் நடத்திவந்தார். 1922இல் தொடங்கிய அந்தப் பள்ளி, வெள்ளைக்காரர் கல்விக்கு மாற்றாகத் தேசபக்தியும் தாய்மொழியும் உடலுழைப்பும் கற்பிக்கும் என்று பலரும் நம்பினார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஏற்று, முதல் தவணையாக 5,000 ரூபாய் கொடுத்தது. பிராமணரல்லாத செல்வர்களும் கொடுத்தார்கள். ஆனால் அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்குச் சாப்பாட்டில் தனி இடம் என்ற செய்தி கசிந்தது. 1924இலும் 1925இலும் தமிழ்நாட்டின் பொதுவாழ்வு அந்த இரண்டு இலைகளைச் சுற்றியே கொதித்தது. வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் விடாமல் எழுதினார். காங்கிரஸ் தலைவர்களில் ஒருவராக இருந்த பெரியார், பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் பிறப்பு பார்க்கும் பந்தி எப்படி இருக்கலாம் என்று கேட்டார். காந்தியிடம் விவகாரம் போயிற்று. ஏற்கனவே வாக்குக் கொடுத்துச் சேர்த்த பையன்களை அப்படியே விட்டுவிட்டு, இனிமேல் சேர்பவர்களுக்குச் சமபந்தியைக் கட்டாயமாக்கலாம் என்ற வகையில் அவர் சமாதானம் சொன்னார். எதிர்த்தவர்கள் அதை ஏற்கவில்லை. தேசிய இயக்கத்தில் சேர்ந்த எந்த அமைப்பிலும் பிறப்பை வைத்து ஏற்றத்தாழ்வு கூடாது என்று எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் 1925இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்த ஐயர், மகளோடு சேர்ந்து உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 44.

ஐயரைக் கொடியவராகக் காட்டி இந்தக் கதையை முடிப்பது எளிது. ஆனால் அது உண்மையாகாது. லண்டனில் புரட்சியாளர்களோடு இருந்தவர், கம்பனை உலகக் கவிகளோடு வைத்துப் பார்த்தவர், தமிழ்ச் சிறுகதைக்குத் தொடக்கம் தந்தவர்களில் ஒருவர். தனிப்பட்ட முறையில் அவர் சாதி ஆசாரம் பார்த்தவர் அல்லர் என்பதை அவரை எதிர்த்தவர்களில் சிலரே ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பெற்றோரின் நிபந்தனைக்கு அவர் இணங்கினார், அவ்வளவுதான். இந்த வரலாற்றின் கூர்மையான பாடமே அதில்தான் இருக்கிறது. வெறுப்பு நிலைபெறுவதற்கு வெறுப்பவர்கள் தேவையில்லை, நல்லவர் ஒருவர் விட்டுக்கொடுத்தால் போதும். பெற்றோருக்குத் தம் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை இல்லையா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். வீட்டில் அந்த உரிமை உண்டு. ஆனால் இருவர் தனியாகச் சாப்பிடும் பந்தியில் மற்ற எல்லாப் பிள்ளைகளும் தாங்கள் தீட்டு என்ற பாடத்தை மூன்று வேளையும் கற்கிறார்கள். அந்தப் பாடத்தை மற்றவர் பிள்ளைக்கு நடத்தும் உரிமை எந்தப் பெற்றோருக்கும் கிடையாது. ஒரு குழந்தைக்குத் தரும் சலுகை இன்னொரு குழந்தைக்கு அவமானமாக விடியும் என்றால், ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

வேறு வழியும் இருந்தது என்பதற்குச் சான்று, அம்பேத்கர் சாக்கைச் சுமந்து நடந்த அதே சாத்தாராவில் கிடைக்கிறது. பாவுராவ் பாட்டீல் சமணக் குடும்பத்தில் 1887இல் பிறந்தவர். மாணவராக இருந்தபோது, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான விடுதி விழாவுக்குப் போய்வந்து, தீட்டுக் கழிக்கக் குளிக்க மறுத்ததற்காகத் தம் சாதி விடுதியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். 1919இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்ற கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். ரயத் என்றால் குடியானவர்கள். சங்கத்துக்கு அவர் வைத்த பெயரே அது யாருக்கானது என்பதைச் சொல்லிவிடும். 1924இல் சாத்தாராவில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிடும் விடுதியைத் திறந்தார். வீடு வீடாகப் பிடி தானியம் வாங்கி உலை வைத்தார்கள். அது போதாத நாளில் அவர் மனைவி லட்சுமிபாய் நகைகளைக் கொடுத்தார். கடைசியில் தாலியையும் விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். 1927இல் சாத்தாரா வந்த காந்தியே அந்த விடுதிக்குச் சத்ரபதி ஷாஹு மகராஜ் பெயரைச் சூட்டினார். சேரன்மாதேவி விவகாரத்தில் சமாதானம் தேடிய அதே காந்தி, இரண்டே ஆண்டுகளில், சமாதானமே செய்துகொள்ளாத ஒரு பந்தியை வாழ்த்தினார். பாவுராவின் விடுதியில் தனி இலை கேட்டவருக்கு இடம் இல்லை. ஆனாலும் விடுதி காலியாகவில்லை, நிறைந்தது. சாதி ஆசாரத்துக்கு வளைந்து கொடுக்காவிட்டால் பள்ளி நடக்காது என்ற வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை.

இங்கே ஒரு கனமான ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை எழுப்பியவர் அம்பேத்கரே. 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் அவர் சமபந்தியைப் பரிசீலித்தார். ஒன்றாக உண்ணும் வழக்கமுள்ள சாதிகள் ஏற்கனவே பல இருக்கின்றன, ஆனாலும் அவற்றிடையே சாதி உணர்வு சாகவில்லை, கலப்பு மணமே உண்மையான மருந்து, அதற்கும் அடியில் சாத்திரங்களின் புனிதத்தன்மை தகர வேண்டும் என்பது அவர் முடிவு. அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆண்டுக்கொரு நாள் தலைவர்கள் கூடி இலை போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் சமபந்தி எதையும் மாற்றவில்லை. அது பெரியவர்களின் சடங்கு. வீட்டுக்குப் போனதும் பழைய அடுப்பும் பழைய பெண் பார்க்கும் படலமும் காத்திருக்கும். ஆனால் பிள்ளைகளின் பந்தி சடங்கு அல்ல, பழக்கம். ஆறு வயதில் தொடங்கிப் பத்தாண்டுகள், ஆண்டுக்கு இருநூறு நாள், பக்கத்தில் உட்கார்ந்தவனின் தட்டிலிருந்து ஊறுகாய் எடுத்துத் தின்று வளர்ந்தவனுக்குத் தீட்டு என்பது கேள்விப்பட்ட சொல்லாக இருக்குமே தவிர, உடம்பில் இருக்காது. அப்படி வளர்ந்தவனிடமே சாத்திரத்தைக் கேள்வி கேட்கும் துணிவையும் எதிர்பார்க்க முடியும். பந்தி சாதியைக் கொல்லும் வாள் அல்ல, வாளைப் பிடிக்கும் கையை வளர்ப்பது. அம்பேத்கரின் பாடத்தை உண்மையாக ஏற்பவர்கள் பந்தியைக் கைவிட மாட்டார்கள். அதோடு நிற்கவும் மாட்டார்கள்.

தனி மனிதர்கள் விடுதியில் செய்ததைத் தமிழ்நாடு அரசின் வேலையாக மாற்றியது இந்த வரலாற்றின் அடுத்த கட்டம். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கினார். 1956இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலம் முழுவதும் பரவியது. கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூட்டி, பெஞ்சும் கட்டடமும் சீருடையும் ஊராரே கொடுக்கும்படி செய்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பசியைத் தீர்ப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுப்பதுமே இவற்றின் முதல் நோக்கம் என்பது சரிதான். ஆனால் சேரன்மாதேவியில் இருவருக்காக உடைந்த பந்தியை, சட்டம் ஒன்றும் பேசாமல், பல லட்சம் பிள்ளைகளுக்காக ஒட்டவைத்ததும் இந்தத் திட்டங்கள்தான். 2001இல் நாடு முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2004இல் சமையலர்களை நியமிக்கும்போது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. செறாயியில் 1917இல் ஒரு நாள் நடந்தது, நீதிமன்ற ஆணையால் இந்தியப் பள்ளிகளின் அன்றாட நெறியாயிற்று.

நெறி வந்ததால் வெறுப்பு போய்விட்டதா? 2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஊராரில் சிலர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அவரை இடம் மாற்றினார்கள். பிறகு எழுந்த கண்டனத்தால் அந்த மாற்றம் ரத்தாயிற்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் அவரோடு படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். சேரன்மாதேவி இருக்கும் அதே நெல்லை மாவட்டத்தில்தான் நாங்குநேரியும் இருக்கிறது. நூறாண்டுச் சமபந்தி என்ன சாதித்தது என்று இங்கே ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. பதில் இதுதான். வெறுப்பைக் கற்பிப்பவர்கள் விடுமுறை எடுப்பதில்லை. கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றிப் பொட்டின் நிறம், பேருந்தில் போடும் பாட்டு, சாதிச் சங்கத்தின் சுவரொட்டி எல்லாம் கோணிச்சாக்கின் புது வடிவங்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய பிள்ளைகள் வருகிறார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் பாடத்தை முதலிலிருந்து நடத்த வேண்டும். முன்னோர் ஒருமுறை நடத்திவிட்டார்கள் என்று நாம் நிறுத்திவிட்டோம் என்றால் தோற்றவர்கள் அவர்கள் அல்லர், நாம். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையைப் பார்த்தால் அது இந்தப் பழைய ஆசிரியர்களின் வழியிலேயே நடப்பது தெரியும். சாதி அடையாளக் கயிறுகளைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, வகுப்பில் பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைப்பது என்று அது பரிந்துரைத்ததில் பெரும்பகுதி ஏற்பாடுகளைப் பற்றியதே. அறிவுரையால் ஆகாது என்பதை அது அறிந்திருக்கிறது.

யாரைப் போற்றுவது என்பதிலும் ஒரு நியாயமான மனக்குறை உண்டு. அய்யப்பனும் பாவுராவும் தம் உயர்வை விட்டு இறங்கி வந்தவர்கள் என்பதால் மட்டும் கொண்டாடப்படுகிறார்கள், உண்மையில் ஆபத்தைச் சுமந்தவர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்கள் அல்லவா என்பதே அது. அந்தக் குறை முற்றிலும் சரி. திருவிதாங்கூரில் ஊரூட்டம்பலம் என்ற ஊரில், பஞ்சமி என்ற புலையர் சிறுமியை அச்சமூகத் தலைவர் அய்யங்காளி கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப்போனார். அந்தக் குழந்தை உட்கார்ந்த பள்ளியை ஆதிக்கச் சாதியினர் தீவைத்து எரித்தார்கள். பாதி கருகிய ஒரு பெஞ்சு இன்றும் அந்தப் பள்ளியில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 2022இல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சேர்த்துச் சூட்டியது. தலைவரோடு நிறுத்தாமல் குழந்தையின் பெயரையும் வைத்ததில்தான் அந்த மரியாதை முழுமை பெறுகிறது. இந்தக் கணக்கில் நாம் போற்ற வேண்டியவர்களின் பட்டியல் நீளும். செறாயியில் உணவில் கைவைத்த பிள்ளை, சாத்தாராவில் தாலியைக் கழற்றிக் கொடுத்த லட்சுமிபாய், எதிர்ப்புக்கு நடுவிலும் மறுநாள் காலை வந்து அடுப்பைப் பற்றவைக்கும் சத்துணவுச் சமையலர் எல்லோரும் ஆசிரியர்களே.

தென்மாவட்டங்களில் தலைவர்களின் சிலைகள் கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. யாராவது சேதப்படுத்தினால் ஊர் பற்றி எரியும் என்ற அச்சத்தில் போட்ட கூண்டுகள் அவை. வெறுப்பைக் கடக்கச் சொல்லிக்கொடுத்தவர்களை வெறுப்புக்குப் பயந்து கூண்டில் வைத்திருக்கும் சமூகம், அவர்களுக்குப் போடும் மாலையைப் பற்றிப் பெருமைப்பட முடியாது. அவர்கள் கேட்டது மாலையை அல்ல, பந்தியை. தலைமை ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடட்டும். பெற்றோர் தம் பிள்ளையின் தட்டு யார் பக்கத்தில் இருக்கிறது என்று விசாரிப்பதை நிறுத்தட்டும். சமையலருக்கு எதிராக ஊர் திரண்டால் அதிகாரி மாற்ற வேண்டியது சமையலரை அல்ல, ஊரின் மனத்தை. சேரன்மாதேவியில் பிரிந்த இரண்டு இலைகளுக்கு நாம் இன்னும் கடன்பட்டிருக்கிறோம். உங்கள் ஊர்ப் பள்ளியில் நாளை மதியம் மணி அடிக்கும்போது அந்தக் கடனைத் தீர்க்கத் தொடங்கலாம்.